வீடு தேடி வரும் பராமரிப்பு: முதிய பெற்றோருக்கான சேவையாளரைத் தெரிவு செய்தல்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1983ஆம் ஆண்டுக் கறுப்பு யூலைக்குப் பின்னர் கனடாவுக்கு வந்து சேர்ந்த தமிழர்களில், அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் பின்னர் இங்கே அழைத்துக்கொண்ட தாய் தந்தையர் எண்பதையும் தொண்ணூறையும் தொட்டு நிற்கின்றனர். வந்த காலத்தில் வீட்டு வாடகை, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்பவையே தமிழ்க் குடும்பங்களின் பெருங்கவலைகளாக இருந்தன. இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் பல வீடுகளில் எழும் கேள்வி வேறு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அம்மாவை யார் பார்ப்பது? மருத்துவமனையிலிருந்து நாளை வீட்டுக்கு அனுப்பப் போகும் அப்பாவை யார் குளிக்க வார்ப்பது?

இந்தக் கேள்விக்குத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக விடை தேடுகின்றன. ஒன்று, "வெளியாள் வந்து பார்ப்பதா, சனம் என்ன சொல்லும்?" என்ற தயக்கம். இதன் சுமை முழுவதும் வீட்டில் ஒரு பெண்ணின் தலையில், மகளாகவோ மருமகளாகவோ இருக்கும் ஒருத்தியின் தலையில், வந்து விழுகிறது. அவள் வேலையை விடுகிறாள், அல்லது உடல் நலத்தை இழக்கிறாள். மற்றையது, நெருக்கடி வந்த பின்னர் பலசரக்குக் கடையின் அறிவிப்புப் பலகையிலோ வணிகக் கையேட்டிலோ கண்ட முதல் இலக்கத்துக்கு அழைத்து, வருபவர் யார் எவர் என்று அறியாமல் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிடுவது. இரண்டுக்கும் நடுவே ஆராய்ந்து தெரிவு செய்யும் வழி ஒன்று உண்டு. அந்த வழியை ஒன்ராறியோ மாகாணத்தின் நடைமுறைகளை வைத்து எடுத்துச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

எவ்வகைப் பராமரிப்பு வேண்டும்?

சேவையாளரைத் தேடுவதற்கு முன்னர் தேவையை வகுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பராமரிப்பு என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறுபட்ட வேலைகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, தொழில்முறை மருத்துவப் பணி. புண்ணுக்கு மருந்து கட்டுதல், ஊசி ஏற்றுதல் போன்றவற்றைத் தாதியர் செய்வர். நடைப் பயிற்சி அளிப்பவர் இயன்மருத்துவர். குளியலறையில் கைப்பிடி எங்கே பொருத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். இரண்டாவது, உடல் சார்ந்த அன்றாட உதவி. குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல் என்பவற்றுக்குத் துணை நிற்பவர்கள், வீடுகளில் பி.எஸ்.டபிள்யூ என்று அழைக்கப்படும் தனிநபர் ஆதரவுப் பணியாளர்கள். மூன்றாவது, சமையல், துப்புரவு, கூட இருந்து பேசுதல், கடைக்கும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுதல் போன்ற துணைப்பணி.

இந்த வேறுபாடு பணத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது. நீரிழிவுப் புண்ணுக்குத் தாதி தேவைப்படும் இடத்தில் துணைக்கு இருப்பவரை அமர்த்தினால் கால் பறிபோகலாம். பேச்சுத் துணை மட்டுமே தேவைப்படும் இடத்தில் தாதிக்குரிய கட்டணம் செலுத்தினால் சேமிப்புக் கரையும். எனவே ஒரு வாரம் முழுவதும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அம்மா காலையில் எழுவது முதல் இரவில் எத்தனை முறை எழுந்து நடக்கிறார் என்பது வரை எழுதுங்கள். எந்த நேரத்தில், எந்தச் செயலுக்கு, எத்தனை நிமிட உதவி வேண்டும் என்பது அதிலிருந்து துலங்கும்.

முதலில் தட்ட வேண்டிய கதவு

ஓஹிப் அட்டை உள்ள எவரும் முதலில் நாட வேண்டியது பொது நிதியில் இயங்கும் சேவையையே. பல ஆண்டுகளாக இதன் பெயர் மாறிக்கொண்டே வந்திருப்பதால் பலர் குழம்பிப் போயிருக்கின்றனர். முன்னர் சமூகப் பராமரிப்பு அணுகு நிலையங்களாக இருந்தவை 2017இல் உள்ளூர் சுகாதார ஒருங்கிணைப்பு வலையமைப்புகளோடு இணைக்கப்பட்டன. 2021இல் வேறொரு பெயர் பெற்றன. 2024ஆம் ஆண்டு யூன் 28ஆம் நாள், 14 நிறுவனங்களும் ஒன்றாக்கப்பட்டு ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம் என்ற ஒரே அமைப்பாயின. 310-2222 என்ற இலக்கத்துக்குப் பிரதேசக் குறியீடு இல்லாமலே அழைக்கலாம். குடும்ப மருத்துவரின் கடிதம் கட்டாயமன்று. நோயாளியே அழைக்கலாம், பிள்ளைகளும் அழைக்கலாம். மருத்துவமனையில் இருப்பவராயின், வீட்டுக்கு அனுப்பும் நாள் வருமுன்னரே பராமரிப்பு இணைப்பாளரைச் சந்திக்க வேண்டும் என்று விடுதித் தாதியிடம் கேட்க வேண்டும்.

இணைப்பாளர் நேரிலோ தொலைபேசியிலோ ஒரு மதிப்பீடு செய்வார். கிடைக்கும் மணித்தியாலங்கள் அந்த மதிப்பீட்டைப் பொறுத்தவை. தமிழ்க் குடும்பங்கள் தமக்குரியதை இழப்பது இந்த இடத்தில்தான். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "கடவுளே என்று சுகமாய் இருக்கிறேன், பிள்ளைகள் நல்லாய்ப் பார்க்கிறார்கள்" என்று சொல்வதே அந்தத் தலைமுறையின் பண்பு. குறை சொன்னால் பிள்ளைகளுக்கு அவமானம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். விருந்தாளி வருகிறார் என்று புதிய சேலை உடுத்தி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தேநீர் கொடுக்கச் சொல்லும் தாயைக் காணும் மதிப்பீட்டாளருக்கு, முந்தின இரவு அவர் குளியலறையில் விழுந்து கிடந்தது எப்படித் தெரியும்? ஆகவே முன்னர் குறிப்பிட்ட கொப்பியை அவர் முன்னிலையில் திறந்து வையுங்கள். நல்ல நாளைப் பற்றியன்று, மோசமான நாளைப் பற்றிப் பேசுங்கள். பெற்றோருக்கும் முன்கூட்டியே அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்: உள்ளதைச் சொல்வது பிச்சை கேட்பதன்று, வரி செலுத்திய குடும்பத்தின் உரிமை அது.

இச்சேவைக்குத் தாதியர் பணிக்கும் உடல்சார் உதவிக்கும் கட்டணம் இல்லை. வீட்டுக்கு உணவு கொண்டுவருதல், பகல்நேர முதியோர் நிலையம், வாகன வசதி போன்ற சமூக உதவிகளுக்குச் சிறு கட்டணம் இருக்கலாம். ஆனால் பொதுச் சேவை நாள் முழுவதும் ஆளை நிறுத்தித் தராது. பெரும்பாலும் வாரத்தில் சில மணித்தியாலங்களே கிடைக்கும். வீட்டுக்கு வருபவர்களும் ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோமின் ஊழியர்கள் அல்லர். அதனோடு ஒப்பந்தம் செய்த நிறுவனங்களின் பணியாளர்கள். எனவே எந்த நிறுவனம் வருகிறது, அதன் மேற்பார்வையாளர் யார், விடுமுறை நாளில் ஆள் வராவிட்டால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பவற்றை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். 2024 இலையுதிர் காலத்தில் மருத்துவப் பொருட்களுக்கான புதிய ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தபோது, வீட்டில் இறுதிக்காலப் பராமரிப்புப் பெற்றுக்கொண்டிருந்த நோயாளர்களுக்குக்கூடத் தேவையான பொருட்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பொதுச் சேவையிலும் விழிப்பு வேண்டும் என்பதற்கு அது சான்று.

சுப்பர் வீசாவில் வந்த பெற்றோரின் நிலை வேறு. 2011 டிசெம்பரில் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ், 2022 யூலை முதல் ஒரு வருகையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அவர்களுக்கு ஓஹிப் இல்லை. பொது வீட்டுப் பராமரிப்பும் இல்லை. வீசாவுக்காக வாங்கும், குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான காப்புறுதி, திடீர் நோய்க்கும் விபத்துக்குமானது. அன்றாடம் குளிக்க வார்ப்பதற்கு அது பணம் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதுமை முற்றிய பெற்றோரை இவ்வீசாவில் அழைக்கும் குடும்பம், பராமரிப்புச் செலவு முழுவதும் தன் பையிலிருந்தே போகும் என்ற கணக்கோடு அழைக்க வேண்டும்.

தனியார் நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது

பொதுச் சேவை போதாதபோது தனியாரை நாட நேரும். ஒன்ராறியோவில் தனியார் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் நடத்துவதற்கென்று தனி அனுமதிப் பத்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு தொலைபேசியும் ஓர் இணையப் பக்கமும் இருந்தால் எவரும் தொடங்கிவிடலாம். மேற்பார்க்க அரசு இல்லாத இடத்தில் அந்த வேலையைக் குடும்பமே செய்ய வேண்டியிருக்கிறது. குறைந்தது மூன்று நிறுவனங்களை அழைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகளை அருகருகே எழுதி ஒப்பிட வேண்டும்.

1. வருபவர் யார்? தாதி என்றால் ஒன்ராறியோ தாதியர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் அவருடைய பெயரை எவரும் தேடிப் பார்க்கலாம். தனிநபர் ஆதரவுப் பணியாளர்களுக்கு 2024 டிசெம்பர் 1 முதல் ஒரு மேற்பார்வை ஆணையம் பதிவேடு நடத்துகிறது. அதில் சேர்வது அவர்களது விருப்பத்துக்கு உட்பட்டதே. பதிவு செய்யாதவர் எல்லோரும் தகுதியற்றவர் அல்லர். ஆனால் பதிவு செய்தவர் பயிற்சிச் சான்றைக் காட்டியவர், முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

2. பொலிஸ் சான்று உண்டா? முதியோர், சிறுவர் போன்ற பாதிக்கப்படக்கூடியவர்களோடு பணியாற்றுவோருக்கான விசேட பொலிஸ் சரிபார்ப்பு இருக்கிறது. அது எப்போது பெறப்பட்டது என்று கேளுங்கள்.

3. அவர் நிறுவனத்தின் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? உங்கள் தந்தையைத் தூக்கும்போது அவருடைய முதுகு பிடித்துக்கொண்டால், வேலையிடக் காப்புறுதி யாருடையது? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

4. வழமையாக வருபவர் வராவிட்டால் என்ன ஏற்பாடு? எத்தனை மணிக்குள் மாற்றாள் வருவார்? மாதத்தில் எத்தனை புதிய முகங்களை அம்மா காண நேரும்? மறதி நோய் உள்ளவருக்கு நாளுக்கொரு புதிய முகம் பேரச்சத்தைத் தரும்.

5. யார் மேற்பார்வை செய்கிறார்? பராமரிப்புத் திட்டம் எழுத்தில் உண்டா? ஒரு தாதி வந்து அதைப் பார்த்துத் திருத்துகிறாரா?

6. கட்டணம் எப்படி? ஒரு வருகைக்குக் குறைந்தது எத்தனை மணித்தியாலம்? வார இறுதிக்கும் விடுமுறைக்கும் எவ்வளவு? ஒப்பந்தத்தை நிறுத்த எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும்? முற்பணம் திரும்பக் கிடைக்குமா?

பணக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். மணித்தியாலத்துக்கு 35 டொலர் என்றும் நாளுக்கு 4 மணித்தியாலம் என்றும் வைத்துக்கொண்டால், 30 நாளுக்கு 4,200 டொலர். சகோதரர்கள் மூவர் இருந்தால் யார் எவ்வளவு தருவது என்பதை முதலிலேயே பேசித் தீர்க்காவிட்டால், ஆறு மாதத்தில் அது குடும்பப் பகையாக முடியும். செலவின் ஒரு பகுதியை வரிக் கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்ட இடமுண்டு. 70 வயதைக் கடந்த, குறைந்த அல்லது நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்கு 2022 முதல் ஒன்ராறியோ ஒரு வரிச்சலுகை வழங்குகிறது. தகுதியுள்ள செலவில் 25 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 1,500 டொலர். இவற்றுக்கெல்லாம் பற்றுச்சீட்டு வேண்டும்.

பற்றுச்சீட்டு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்த ஒருவரைக் கைக்காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழர் மத்தியில் பரவலாக உண்டு. நல்ல மனம் கொண்டவர் அமைந்தால் அது நன்றாகவே நடக்கும். ஆனால் நேரடியாக ஒருவரை வேலைக்கு அமர்த்தும் குடும்பம் சட்டத்தின் பார்வையில் முதலாளியாகிவிடுகிறது. வருமான வரி, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்புறுதி ஆகியவற்றுக்கான பிடித்தங்கள் அதன் பொறுப்பு. வாரத்துக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவராயின் வேலையிடக் காப்புறுதிச் சபையிலும் பதிய வேண்டும். அவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டால், மலிவாகத் தோன்றிய ஏற்பாடு மிகப் பெரிய செலவாகிவிடும்.

மொழியும் மானமும்

தமிழ் பேசும் பணியாளரைக் கேட்பது ஆடம்பரமன்று. பிற்காலத்தில் கற்ற மொழி, மறதி நோயில் முதலில் நழுவுகிறது. தாய்மொழியே கடைசி வரை கூட நிற்கிறது. முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் ஆங்கிலம் பேசிய தந்தை, ஒரு நாள் தமிழில் மட்டுமே வலியைச் சொல்லக்கூடியவர் ஆகலாம். வயிற்றுக்குள் புகைகிறது, தலை அம்மிக்கொண்டிருக்கிறது என்ற சொற்களின் பொருளை அறியாதவருக்கு அந்த வலி எட்டாது. போரைக் கடந்து வந்த முதியவருக்கு, இரவில் கதவு தட்டப்படுவதும் சீருடை அணிந்த அந்நியர் அறைக்குள் வருவதும் வேறு நினைவுகளைக் கிளறலாம். இதை இணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லலாம். தாயைக் குளிக்க வார்ப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். பொது நிதியில் பராமரிப்புப் பெறுவோரின் உரிமைப் பட்டியலில், பண்பாடு, மொழி, சமயம், குடும்பம் சார்ந்த விருப்பங்களைக் கருத்திற் கொண்டு நடத்தப்படும் உரிமையும் அடங்கியிருக்கிறது. கேட்டது எப்போதும் கிடைக்கும் என்பதில்லை. ஆனால் கேட்காதது கிடைப்பதே இல்லை. அதே வேளையில், தமிழ் பேசுகிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பயிற்சியற்றவரை ஏற்றுக்கொள்வதும் தவறு. மொழி வேண்டும், திறமையும் வேண்டும்.

இளையோருக்கு ஒரு சொல். வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால், பத்து வயதிலிருந்தே பெற்றோருக்கும் பாட்டிக்கும் மொழிபெயர்த்து வந்திருக்கிறீர்கள். அது பெரும் சேவை. ஆனால் பாட்டியின் சிறுநீர்ப் பிரச்சினையையோ தாத்தாவின் புற்றுநோயின் நிலையையோ பேரப்பிள்ளை மொழிபெயர்ப்பது இருவருக்குமே கொடுமை. பாட்டி கூச்சத்தில் மறைப்பார். பிள்ளை அச்சத்தில் மாற்றிச் சொல்லும். அத்தகைய வேளைகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். இளையோரின் திறமை வேறிடத்தில் தேவைப்படுகிறது. பதிவேட்டில் பெயரைத் தேடுவது, மருந்துப் பட்டியலைத் தட்டச்சு செய்வது, ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை வாசித்து வீட்டாருக்கு விளக்குவது ஆகியவற்றை அவர்களைவிடச் சிறப்பாகச் செய்வார் எவருமில்லை.

முதல் மாதத்தில் கவனிக்க வேண்டியவை

தெரிவு செய்ததோடு வேலை முடிவதில்லை. முதல் சில நாட்களில் குடும்பத்தவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். சமையலறையில் ஒரு கொப்பி வைத்து, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, உணவு, மலசலம், மருந்து என்பவற்றைப் பணியாளர் எழுதுமாறு கேளுங்கள். நகைகளையும் வங்கி அட்டையையும் பூட்டி வையுங்கள். அது சந்தேகமன்று; நல்லவருக்கும் பழி வராமல் காக்கும் முறை. வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி பொருத்துவதானால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். குளியலறையிலும் உடைமாற்றும் இடத்திலும் வேண்டாம்.

காரணம் தெரியாத கண்டல் காயம், திடீர் மெலிவு, ஒருவர் வரும் நாளில் மட்டும் முதியவர் பேசாமல் ஒடுங்குவது, கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஒரே வரி எழுதப்பட்டிருப்பது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அப்போது முதலில் மேற்பார்வையாளரிடமும் இணைப்பாளரிடமும் எழுத்தில் முறையிட வேண்டும். பொதுச் சேவை மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ சுகாதாரச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குச் செல்ல வழியுண்டு. 2016இல் இயங்கத் தொடங்கிய நோயாளர் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம். முறையிட்டால் உள்ள உதவியும் போய்விடும் என்ற அச்சம் பலரை வாய்மூட வைக்கிறது. பழிவாங்கலுக்கு அஞ்சாமல் குறை சொல்வதும் அந்த உரிமைப் பட்டியலில் உள்ள ஓர் உரிமையே. அடி, உதை, திருட்டு என்றால் பொலிசாரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

வீட்டுக்கு வரும் பணியாளரின் மானத்தையும் மறந்துவிடக் கூடாது. இந்நாட்டில் இத்தொழிலைச் செய்வோரில் பலர் குடிவந்த பெண்கள். தமிழ்ப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். பனியிலும் பேருந்தில் ஏறி வீடு வீடாக அலைபவர்கள் அவர்கள். அப்பாவைக் குளிக்க வார்க்க வந்தவரிடம் முழுக் குடும்பத்துக்கும் சமைக்கச் சொல்வதும், வேலைக்காரி என்று பிள்ளைகள் காதுபடப் பேசுவதும் நியாயமன்று. மதிக்கப்படும் பணியாளர் நிலைத்திருப்பார். அவர் நிலைத்திருந்தால் அம்மாவுக்கு முகம் மாறாது.

பேசத் தயங்கும் விடயம்

பெற்றோர் தாமாக முடிவெடுக்க இயலாத நாளில் அவர்களுக்காக யார் முடிவெடுப்பது? தனிநபர் பராமரிப்புக்கான அதிகாரப் பத்திரம் எழுதப்படாவிட்டால், ஒன்ராறியோச் சட்டம் வாழ்க்கைத் துணைக்கும், அவருக்குப் பின் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுப்பைத் தருகிறது. பிள்ளைகள் அனைவரும் சம நிலையினர். மூத்த மகன் என்பதற்குச் சட்டத்தில் தனி இடமில்லை. அவர்கள் ஒத்துப்போகாவிட்டால், முடிவு அரச பொதுக் காப்பாளரிடம் போய்விடும். பெற்ற பிள்ளைகள் இருக்க, முகமறியாத ஓர் அதிகாரி அம்மாவின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். மனம் தெளிவாக இருக்கும்போதே பெற்றோர் ஒருவரைப் பெயர் குறித்து, தமது விருப்பங்களைச் சொல்லி வைப்பதே நல்லது.

வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. உயிராபத்தான நோயில் உள்ள பெரியவரைப் பார்க்க வேலையிழப்புக் காப்புறுதியின்கீழ் 15 வாரங்கள் வரையும், இறுதிக்காலத்தில் உள்ளவரைப் பார்க்க 26 வாரங்கள் வரையும் கொடுப்பனவு பெறலாம். மகள் வேலையை விட்டு விலகுவதற்கு முன் இதைக் கேட்டறிய வேண்டும்.

வெளியாளை அழைப்பதால் பிள்ளையின் கடமை குறைந்துவிடுவதில்லை. குளிக்க வார்க்கும் களைப்பு வேறொருவரிடம் போனால், மகளுக்கு அம்மாவின் பக்கத்தில் இருந்து தலை வாரிவிடவும் பழங்கதை கேட்கவும் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை எந்த நிறுவனமும் விற்பதில்லை.

ஆகவே நெருக்கடி வரும்வரை காத்திராமல், இந்த வார இறுதியிலேயே மூன்று வேலைகளைச் செய்து முடியுங்கள். 310-2222 என்ற இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். பெற்றோரின் மருந்துகளையும் நோய்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். சகோதரர்கள் எல்லோரும் கூடி, அப்பா அம்மாவையும் நடுவில் வைத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.